ராகிக்கு மாறியும் ஏறிய சுகர்: எல்லையோரத்து வீடு ஒன்றில் நடந்த நிகழ்வு ஆய்வு

ஜோலார்பேட்டையிலிருந்து குப்பம் போகும் ரயிலில் பச்சூரைத் தாண்டினால் ஆந்திரா. அடுத்த ஸ்டேஷன் மல்லானூர். பெயர்ப்பலகை தெலுங்குக்கு மாறுமே தவிர, வீட்டுக்குள் பேசுகிற பேச்சு பல ஊர்களில் தமிழாகவே இருக்கும். களியை ஒரு வீட்டில் களி என்பார்கள், பக்கத்து வீட்டில் சங்கடி என்பார்கள். கேழ்வரகு என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. இரண்டு பக்கமும் ராகிதான். நானும் இங்கே ராகி என்றே எழுதுகிறேன்.

தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு சிறிய கிளினிக்கில் நான் உணவு ஆலோசகர். மல்லானூர்ப் பக்கத்திலிருந்து நிறைய பேர் வருவார்கள். அப்படி வந்த ஒரு அம்மாவின் கதை இது. வயது 56. மல்பெரித் தோட்டமும் இரண்டு மாடும் உண்டு. சுகர் வந்து ஒன்பது வருடம். காலையும் இரவும் மெட்ஃபார்மின், காலையில் மட்டும் கிளிமிபிரைடு. அவருடைய ஒப்புதலோடுதான் எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்று விட்டிருக்கிறேன்.

தை மாதம் அவருடைய எச்பிஏ1சி, அதாவது சுமார் மூன்று மாதச் சராசரிச் சுகரைக் காட்டும் இரத்தச் சோதனை, 7.6. "அரிசியை விட்டுட்டு ராகிக்கு மாறுங்க" என்று ஒரு இடத்தில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, நானே பல பேருக்கு அதே ஒரு வரியைச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவர் சொன்னபடியே செய்தார். காலையும் இரவும் அரிசியை அறவே நிறுத்தினார். சித்திரை கடைசியில் மறுபடி பார்த்தபோது 8.4.

மருமகள் ரிப்போர்ட்டை என் மேசையில் வைத்துவிட்டு, "மேடம், அத்தை ஒரு நாள்கூட ஏமாத்தல. நான் கூடவே இருந்து பாத்துட்டு இருக்கேன்" என்றார். அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சோத்த விட்டதுதான் மிச்சம் கண்ணு" என்றார். அந்தக் குரலுக்காகவே இதன் அடிவரை பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது.

முதலில் எனக்கு வந்த சந்தேகங்கள்

மாத்திரையை விட்டிருப்பாரோ என்று பார்த்தேன். இல்லை. மருந்துக் கடைச் சீட்டும் காலி அட்டைகளும் கணக்குக்குச் சரியாக இருந்தன. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, வேறு டாக்டர் கொடுத்த ஸ்டீராய்டு எதுவும் இல்லை. ராகியில் வெல்லம் போடுகிறாரா என்று கேட்டேன். உப்பும் மோரும்தான்.

"எந்த ராகிம்மா?" என்று கேட்டபோதுதான் விஷயம் திரும்பியது. பெங்களூரில் வேலை செய்கிற மகன் மாதாமாதம் வாங்கி அனுப்புவது ராகி மால்ட். 2023 சர்வதேச சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பட்ட பிறகு இந்த மால்ட் பொட்டலம் இல்லாத மளிகைக் கடையே இல்லை. மருமகள் பையிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினார். முளைகட்டிய ராகி மாவு, ஏலக்காய். சர்க்கரை சேர்க்கவில்லை. கையில் கொஞ்சம் கொட்டித் தேய்த்துப் பார்த்தேன். முகத்துக்குப் போடும் பவுடர் மாதிரி இருந்தது, விரல் நுனியில் ஒரு துகள்கூட உறுத்தவில்லை.

மால்ட் தீர்ந்துபோகிற நாட்களில் வீட்டு ராகியை மில்லில் நைஸாக அரைத்து, சலித்து, கஞ்சி காய்ச்சிக் குடித்திருக்கிறார். களி கிண்டுவதை விட்டே இரண்டு வருடம் ஆகிவிட்டது. "ஒருத்திக்காக யாரு கிண்டறது?" என்று கேட்டார்.

இன்னொன்றும் வெளியே வந்தது. காலை ஏழரைக்கு இரண்டு டம்ளர் மால்ட் குடித்தால் பத்தரை, பதினொன்றுக்கெல்லாம் வயிறு காலியாகி, உடம்பு படபடவென்று வருமாம். டீயோடு நாலு பிஸ்கட் சாப்பிடுவார். அதை அவர் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்கவே இல்லை, அதனால் சொல்லவும் இல்லை. 8.4க்கு அந்தப் பிஸ்கட்டுக்கும் பங்கு உண்டு. ஆனால் அந்தப் பசி எங்கிருந்து வந்தது?

ராகியிலும் மாவுச்சத்துதான்

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுகளின் சத்துப் பட்டியலில் 100 கிராம் ராகிக்கு சுமார் 67 கிராம் கார்போஹைட்ரேட் என்று இருக்கிறது. தீட்டிய பச்சரிசிக்கு 78. நாம் நினைத்துக்கொண்டிருக்கிற அளவுக்குப் பெரிய இடைவெளி இல்லை. உண்மையான வித்தியாசம் நார்ச்சத்தில்தான் தெரிகிறது: ராகியில் 11 கிராம், தீட்டிய அரிசியில் 3 கிராமுக்கும் கீழே. அந்த 11 கிராமில் பெரும் பங்கு ராகியின் செந்தவிட்டு நிற மேல்தோலைச் சேர்ந்தது. அதைச் சலித்து எடுத்துவிட்டால் கையில் மிஞ்சுவது ஏறத்தாழ வெறும் மாவுச்சத்து.

சரி, மாவுச்சத்து எல்லாம் ஒன்றுதானே, எல்லாமே கடைசியில் குளுக்கோஸ்தானே என்று கேட்கலாம். எவ்வளவு வேகத்தில் ஆகிறது என்பதுதான் கேள்வி. 1992இல் எங்லிஸ்ட் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் உணவில் உள்ள மாவுச்சத்தை, செரிமானத்தில் அதை உடைக்கும் நொதிகளோடு (என்சைம்) ஆய்வகத்தில் ஊறவிட்டு மூன்றாகப் பிரித்தார்கள். 20 நிமிடத்துக்குள் குளுக்கோஸ் ஆகிவிடுவது ஒரு வகை. 20 முதல் 120 நிமிடம் வரை மெதுவாக உடைவது இரண்டாம் வகை. இரண்டு மணி நேரம் கழிந்தும் உடையாமல் பெருங்குடலுக்குப் போய்ச் சேர்வது மூன்றாவது. ஒரே தானியம், அதைச் சமைக்கிற விதத்தைப் பொறுத்து, இந்த மூன்றிலும் வெவ்வேறு அளவில் பிரிந்து நிற்கும்.

தானியத்துக்குள் மாவுச்சத்து சின்னச் சின்ன மணிகளாக, செல் சுவருக்குள் அடைபட்டு இருக்கிறது. முழுசாகவோ கொரகொரப்பாகவோ இருந்தால் நொதி சுவரைத் தாண்டி உள்ளே போக வேண்டும். நைஸாக அரைத்தால் சுவரே இல்லை. அப்புறம் தண்ணீரும் சூடும். 60, 70 பாகைச் சூட்டுக்கு மேல் மணிகள் தண்ணீர் குடித்து ஊதி, உள்ளே இறுக்கமாகச் சுருண்டிருந்த சங்கிலிகள் கட்டவிழ்ந்துவிடும். கஞ்சி திடீரென்று கெட்டியாகிற அந்த நிமிடம் இதுதான். தண்ணீர் நிறைய இருந்தால் எல்லா மணியும் ஊதும். குறைவாக இருந்தால் சில மணிகள் பாதியிலேயே நின்றுவிடும். கஞ்சிக்கும் களிக்கும் உள்ள முதல் வித்தியாசம் இங்கேயே தொடங்கிவிடுகிறது.

மால்ட் இதற்கும் ஒரு படி மேலே போகிறது. ராகி முளைக்கும்போது தன் குருத்துக்கு உணவு கொடுக்க அமைலேஸ் என்ற நொதியைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. நம் எச்சிலிலும் கணையத்திலும் மாவுச்சத்தை வெட்டுவது இதே குடும்பத்து நொதிதான். சிறுதானியங்களில் முளைவிட்ட ராகிக்கு இந்தத் திறன் நல்ல அளவில் உண்டு. அதனால்தான் மால்ட் கஞ்சி எத்தனை கரண்டி மாவு போட்டாலும் கெட்டியாகாமல் இளக்கமாக ஓடுகிறது. சங்கிலிகள் டம்ளருக்கு வரும் முன்பே பாதி வெட்டுப்பட்டுவிடுகின்றன. நைஸ் மாவு, உமி தோல் நீங்கியது, முன்பே உடைந்தது, தண்ணீராகக் குடிப்பதால் வயிற்றில் தங்காமல் இறங்குவது. ராகி என்ற பெயரில் அந்த அம்மாவுக்குக் கிடைத்தது இதுதான்.

இணையத்தில் சுற்றும் அட்டவணைகளில் ராகிக்கு நேராக ஒரே ஒரு கிளைசெமிக் இன்டெக்ஸ் எண், அதாவது ஒரு உணவு இரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றும் என்று சொல்லும் எண், இருக்கும். ஆளுக்கு ஒரு எண் போட்டிருப்பார்கள். 1981இல் டொரன்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழு இந்தக் குறியீட்டைக் கொண்டுவந்தபோதே அது சமைத்த உணவை ஆட்களுக்குக் கொடுத்து, இரத்தத்தில் பார்த்த அளவு. அன்று அந்தத் தட்டில் இருந்ததற்குத்தான் அந்த எண். தானியத்துக்கு அதை நிரந்தரமாக ஒட்டிவைத்தது நாம்.

களி கிண்டிய நாள்

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். தராசும் குளுக்கோமீட்டரும் பையில் இருந்தன. மாத்திரை எழுதிக்கொடுக்கும் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். கிளிமிபிரைடு போடுகிறவர்களுக்கு உணவை மாற்றும்போது சுகர் தாழ்ந்துவிடவும் வாய்ப்பு உண்டு, சொல்லாமல் செய்யக் கூடாது.

முதலில் மாவு சலிப்பதைப் பார்த்தேன். மருமகள் திண்ணையில் உட்கார்ந்து நைஸ் சல்லடையில் தட்டத் தட்ட, கீழே வெளிர் சாம்பல் நிற மாவு விழுந்தது. சல்லடையில் செம்பழுப்புக் கப்பி நின்றது. அரைப்படி மாவுக்கு ஒரு கை நிறையக் கப்பி. அதை அப்படியே எடுத்துப்போய் மாட்டுக் கழுநீர்த் தொட்டியில் கொட்டினார். நான் தொட்டியருகே போய் நின்று பார்த்தேன். தண்ணீரின் மேல் அந்தச் செந்தூள் சுழன்றுகொண்டிருந்தது. அந்த அம்மாவுக்காக நான் தேடிவந்ததில் பாதி அந்தத் தொட்டியில் மிதந்தது.

ராகியின் மேல்தோல் நெல் உமி மாதிரி கழன்று வராது. உள்ளே இருக்கும் மாவு மென்மை, தோலோ அதோடு ஒட்டிக்கிடப்பது. அதனால்தான் தலைமுறை தலைமுறையாக ராகியை முழுசாகவே அரைத்துச் சாப்பிட்டார்கள். அரிசி போலத் தீட்ட வழியே இல்லை. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் நீராவியில் வேகவைத்து இறுக்கி, அப்புறம் தோல் நீக்குகிற முறையைப் பின்னாளில் கண்டுபிடித்தது. வீட்டில் நடப்பது அதைவிடச் சுலபம், ஒரு நைஸ் சல்லடை போதும்.

அந்தத் தோலில்தான் ராகியின் பாலிஃபீனால்கள் என்ற தாவரச் சேர்மங்கள் குவிந்திருக்கின்றன. கேட்டச்சின், எபிகேட்டச்சின், டானின், ஃபெருலிக் அமிலம். செந்நிற ராகியில் அதிகம், வெள்ளை ராகி ரகங்களில் குறைவு. 2009இல் அதே மைசூர் நிறுவனத்து விஞ்ஞானிகள் ராகித் தோலிலிருந்து எடுத்த இந்தச் சேர்மங்கள் கணைய அமைலேஸையும் ஆல்ஃபா குளுக்கோசிடேஸ் என்ற குடல் நொதியையும் மட்டுப்படுத்துவதைக் காட்டினார்கள். சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் அகார்போஸ் மாத்திரை செய்கிற வேலையும் ஏறத்தாழ இதுதான்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் நகர மாட்டேன். அது சோதனைக் குழாயில் பார்த்தது. இந்தப் பாலிஃபீனால்களை ஆன்டி ஆக்ஸிடன்ட் என்று பொட்டலத்தில் பெரிய எழுத்தில் போடுகிறவர்கள் சோதனைக் குழாய் எண்ணை அப்படியே உடம்புக்கு ஏற்றிவிடுகிறார்கள். அமெரிக்க வேளாண் துறை பல வருடம் உணவுகளின் ஆன்டி ஆக்ஸிடன்ட் ஆற்றலை ஓராக் என்ற அளவில் பட்டியலிட்டு வைத்திருந்தது. அந்த எண்களுக்கும் உடம்பில் நடப்பதற்கும் தொடர்பு காட்ட முடியவில்லை, விற்பனைக்குத்தான் பயன்படுகிறது என்று 2012இல் அந்தப் பட்டியலையே விலக்கிக்கொண்டது. ராகியின் ஃபெருலிக் அமிலத்தில் பெரும் பங்கு நார்ச்சத்தோடு பிணைந்தே இருக்கிறது. சிறுகுடலில் அது விடுபடாது. பெருங்குடல் வரை போய், அங்கே உள்ள நுண்ணுயிர்கள் நாரை உடைக்கும்போது வெளியே வருகிறது. ஆகவே தோலை வைத்துக்கொள்ளச் சொல்வதற்கு என் முதல் காரணம் நார், இரண்டாவது அது மாவுச்சத்தைச் சுற்றி நின்று வழிமறிப்பது. பாலிஃபீனால் மூன்றாவதாக வருகிறது, வரட்டும்.

பிறகு அந்த அம்மா களி கிண்டினார். மில்லில் "கொஞ்சம் கொரகொரப்பா ஓட்டுங்க" என்று சொல்லி, சலிக்காமல் வாங்கிவந்த மாவு. நொய்யே வேண்டாம் என்றேன். "நொய் போடாம களி நிக்காது கண்ணு" என்றார். 50 கிராம் மாவுக்கு 10 கிராம் நொய் என்று ஒத்துக்கொண்டோம். நொய் வெந்து கொதிக்கும்போது மாவைக் குவியலாக நடுவில் கொட்டினார், கிளறவில்லை. துடுப்பால் குவியலின் நடுவில் ஒரு குழி விட்டு மூடிவைத்தார். குழி வழியாகத் தண்ணீர் பொங்கி மேலேறி மாவை நனைத்தது. ஐந்து நிமிடம் கழித்துப் பானையைக் கீழே இறக்கித் துணியைச் சுற்றி, இரு பாதங்களாலும் அணைத்துக்கொண்டு, துடுப்பை இரண்டு கையாலும் பிடித்து ஒரே பக்கமாகத் திருப்பினார். கை பழக்கம் விட்டுப்போகவில்லை. ஈரக் கையால் உருட்டித் தட்டில் வைத்தபோது உருண்டை பளபளவென்று இருந்தது.

நான் ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டு மென்றேன். மருமகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. களியை மெல்லக் கூடாதாம், குழம்பில் புரட்டி விழுங்க வேண்டுமாம். எங்கள் பாட்டியும் அதையே சொல்வார். 1986இல் வெளிவந்த ஒரு ஆய்வில் சோறு, மக்காச்சோளம், ஆப்பிள், உருளைக்கிழங்கு ஆகியவற்றை மெல்லாமல் விழுங்கச் சொல்லிப் பார்த்தார்கள். மென்று தின்றபோது ஏறியதைவிட இரத்தச் சர்க்கரை குறைவாகவே ஏறியது. துண்டு பெரிதாக இருந்தால் நொதி வெளியிலிருந்து உள்ளே போக நேரமாகிறது, அவ்வளவுதான். வயதானவர்களுக்குத் தொண்டையில் சிக்கும் ஆபத்து இருப்பதால் இதை நான் யாருக்கும் அறிவுரையாகச் சொல்வதில்லை. ஆனால் களி சாப்பிடுகிறவர்கள் அறியாமலே இந்த வசதியை அனுபவித்து வந்திருக்கிறார்கள்.

பத்து காலைகள்

ஞாயிறு முதல் பத்து நாள், தினமும் ஒரே நேரம், ஒரே மாத்திரை, வெறும் வயிற்றில் ஒரு முறை, சாப்பிடத் தொடங்கி ஒரு மணி நேரத்தில் ஒரு முறை. மாவின் எடை எப்போதும் 60 கிராம் (களியில் நொய்யும் சேர்த்து). பிஸ்கட் கிடையாது. ஒவ்வொரு உணவும் இரண்டு காலை. முதல் நாள் நான் இருந்தேன், மற்ற நாட்களில் மருமகள் எழுதிவைத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார்.

வெறும் வயிற்று அளவு பத்து நாளும் 136க்கும் 152க்கும் இடையில் (மி.கி./டெ.லி.) இருந்தது. அதிலிருந்து ஒரு மணி நேரத்தில் எவ்வளவு ஏறியது என்பதை மட்டும் சொல்கிறேன்.

மால்ட், உப்பு, மோர்: 121, 112.
சலித்த நைஸ் மாவுக் கஞ்சி, மோர்: 98, 104.
சலிக்காத மாவுக் களி, அதே அளவு மோர்: 77, 85.
முந்தின இரவுக் களியைத் தண்ணீரில் போட்டுவைத்துக் காலையில் மோர் விட்டுக் கரைத்த கூழ்: 66, 71.
களியோடு அவரைக்கொட்டைக் குழம்பும் கீரைக்கடைசலும்: 52, 60.

இது ஒரே ஒரு ஆளிடம் எடுத்த அளவு. வீட்டுக் குளுக்கோமீட்டருக்கு சர்வதேசத் தர விதியே 100க்கு மேலான அளவுகளில் 15 விழுக்காடு வரை பிழையை அனுமதிக்கிறது. களிக்கும் பழைய கூழுக்கும் உள்ள இடைவெளி அந்தப் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும். அதை வைத்து நான் கதை கட்ட மாட்டேன். ஆனால் 121க்கும் 52க்கும் உள்ள இடைவெளியைக் கருவியின் மேல் போட முடியாது. ராகியின் எடை கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆளும் ஒருவர்தான்.

மால்ட் குடித்த முதல் காலை எண்ணைப் பார்த்ததும் அந்த அம்மா கருவியை என் கையிலிருந்து வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "பையன் அவ்ளோ தூரத்துலருந்து அனுப்புறானே" என்றார். என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

பழைய கூழைப் பற்றி ஒரு வார்த்தை. வெந்த மாவுச்சத்து ஆறும்போது அவிழ்ந்த சங்கிலிகள் மறுபடி அடுக்காகச் சேர்ந்து இறுகுகின்றன. அமைலோஸ் என்ற நேர்ச்சங்கிலிகள் வேகமாகவும் உறுதியாகவும் சேரும். அந்த அடுக்கைக் கலைக்க 120 பாகைக்கு மேல் சூடு வேண்டும், ஆகவே மறுபடி சுட வைத்தாலும் போகாது. கிளைகள் நிறைந்த அமைலோபெக்டின் சேர்ந்த அடுக்கோ 60 பாகை வாக்கிலேயே இளகிவிடும். அதனால் ஆறிய களியைத் திரும்பச் சூடாக்கினால் கிடைத்த பயனில் ஒரு பங்கு நிற்கும், ஒரு பங்கு போய்விடும். கூழாகவே குடித்தால் இரண்டும் நிற்கும். இரவெல்லாம் புளித்ததில் சேரும் லாக்டிக் அமிலத்துக்கும் இதில் ஒரு பங்கு இருக்கலாம். புழுங்கலரிசியில் நடப்பதும் இதன் உறவுதான். நெல்லை அவித்து உலர்த்தும்போது மாவுச்சத்து ஒருமுறை அவிழ்ந்து மறுபடி இறுகிவிடுகிறது, தோலில் உள்ள தயமின் என்ற பி வைட்டமினும் உள்ளே இறங்குகிறது. பச்சூருக்கு இந்தப் பக்கம் புழுங்கல், அந்தப் பக்கம் பெரும்பாலும் பச்சரிசி. அந்த அம்மா மதியம் சாப்பிடுவது பச்சரிசிச் சோறு. அதை நான் இந்த முறை தொடவில்லை. ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது.

கடைசி வரிசையைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். அவரைக்கொட்டையின் புரதமும் நாரும், குழம்பின் கடலை எண்ணெயும், கீரையும் சேர்ந்து வயிற்றிலிருந்து இறங்குவதையே நிதானமாக்குகின்றன. ராகி களியும் கொட்டைக் குழம்பும் என்று எங்கள் பக்கம் ஒரே மூச்சில் சொல்வார்கள். ராகியைத் தனியே பிரித்து எடுத்து டம்ளரில் ஊற்றியது நம் காலம்.

இரும்பு மாத்திரை

எல்லாம் சலிக்காத மாவுக்குச் சாதகமாகவே போய்க்கொண்டிருந்தபோது அந்த அம்மாவின் இரத்த அளவு என் கண்ணில் பட்டது. ஹீமோகுளோபின் 9.6. இரும்புச் சத்து மாத்திரை நாலு மாதமாகப் போடுகிறார், ஏறவில்லை. எப்போது போடுகிறீர்கள் என்று கேட்டேன். காலையில் ராகி குடித்த கையோடு, மறந்துவிடாமல் இருக்க.

ராகித் தோலில் உள்ள டானினும் ஃபைட்டிக் அமிலமும் மாவுச்சத்து நொதியை மட்டும் பிடித்து நிறுத்துவதில்லை, இரும்பையும் பிடித்துக்கொள்ளும். ராகியில் கால்சியம் வேறு 100 கிராமுக்கு 364 மில்லிகிராம், அதுவும் இரும்புக்குப் போட்டி. பதினோரு மணி டீ இன்னொரு பக்கம். சலிக்காத மாவுக்கு மாறச் சொன்ன நான் இதைக் கவனிக்காமல் விட்டிருந்தால் சுகரைக் குறைத்துச் சோகையைக் கூட்டியிருப்பேன். நல்ல சேர்மம், கெட்ட சேர்மம் என்று பிரித்துப் பேசுகிற பேச்சு எனக்கு ஏன் பிடிக்காது என்றால் இதனால்தான். ஒரே டானின் காலையில் ஒரு உதவி செய்கிறது, அதே நேரத்தில் ஒரு இடைஞ்சலும் செய்கிறது.

டாக்டரிடம் கேட்டுக்கொண்டு மாத்திரையைச் சாயங்காலம் நாலரைக்கு மாற்றினோம், எலுமிச்சைச் சாறு பிழிந்த தண்ணீரோடு. முன்னும் பின்னும் டீ இல்லை. வைட்டமின் சி இரும்பை உடம்பு ஏற்கிற வடிவத்தில் வைத்திருக்கும். காலை உணவுக்கு வாரத்தில் நாலு நாள் கூழ் என்று வைத்ததற்கும் இது ஒரு காரணம். புளிக்கும்போது ஃபைட்டிக் அமிலம் ஓரளவு உடைந்துவிடுகிறது. மெட்ஃபார்மின் பல வருடமாகப் போடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும் என்பதால் அதையும் பார்க்க டாக்டர் எழுதிக்கொடுத்தார்.

ஆவணிக்குப் பிறகு

மூன்று மாதம் கழித்து, ஆவணியில், எச்பிஏ1சி 7.5. ஹீமோகுளோபின் 10.7. மாத்திரை அளவு மாறவில்லை. இதை முழுக்கக் கொரகொரப்பான மாவுக்கு எழுதிவைக்க மாட்டேன். பதினோரு மணிப் பிஸ்கட்டும் நின்றுவிட்டது. ஆனால் அது நின்றது கட்டுப்பாட்டால் இல்லை. "பசியே எடுக்கல கண்ணு, ஒரு மணி வரைக்கும் தாங்குது" என்றார்.

பெரிய மாற்றங்கள் ஒன்றும் இல்லை. மில்லில் ஒரு வார்த்தை சொல்லி வாங்குகிறார்கள். நைஸ் சல்லடை பரணுக்குப் போய்விட்டது. கல், தூசிக்காக ராகியை முறத்தில் புடைத்துக் கழுவிக் காயவைப்பது மட்டும் உண்டு. இரவுக்கு ஒரு உருண்டை களி, குழம்போடு. வீட்டில் எல்லோரும் சாப்பிடுவதால் ஒருத்திக்காகக் கிண்டுகிற சலிப்பு இல்லை. உருண்டையின் அளவை மட்டும் நான் விடவில்லை. முதல் மாதம் உருண்டை மெல்ல மெல்லப் பெரிதாகிக்கொண்டே வந்ததை மருமகள்தான் சொன்னார். இப்போது மாவை அளக்க ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளர் தனியாக இருக்கிறது.

மிச்சமிருந்த மால்ட் பொட்டலங்களை வீணாக்கவில்லை. அந்த வீட்டில் எட்டு மாதப் பேத்தி ஒருத்தி இருக்கிறாள். குழந்தையின் வயிறு சிறியது. சாதாரண ராகிக் கஞ்சி நாலு கரண்டிக்குள் கெட்டியாகிவிடும், அதைத் தண்ணீர் விட்டு இளக்கினால் சத்து நீர்த்துப்போகும். மால்ட் நிறைய மாவு போட்டாலும் இளக்கமாகவே இருக்கும், சுலபமாகச் செரிக்கும். பாட்டிக்கு ஆகாமல் போன அதே குணம் பேத்திக்கு ஏற்றது. மகனுக்குப் போன் போட்டு, அனுப்புவதை நிறுத்த வேண்டாம், குழந்தைக்கு ஆகும் என்று அந்த அம்மாவே சொல்லிவிட்டார்.

போன வாரம் வந்தபோது மடியிலிருந்து இரண்டு காகிதப் பொட்டலங்களை எடுத்து வைத்தார். இரண்டும் சாமை அரிசி. ஒன்று குப்பத்தில் கடையில் வாங்கியது, பொன்னி அரிசி மாதிரி வெள்ளை. இன்னொன்று உறவுக்காரர் வீட்டில் உமி மட்டும் நீக்கியது, மங்கலான சாம்பல் நிறம், கையில் தவிடு ஒட்டியது. மதியச் சோற்றுக்குப் பதிலாக இதில் எதைப் பொங்கலாம் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மருமகள் பையிலிருந்து தராசை எடுத்துவிட்டார். இந்த முறை எட்டு மதியம். பிறகு சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள்.